கைப்பட ஒரு சம்மதம்

கைப்பட எழுத வேண்டும் என்று கல்லூரி அட்மிஷன் மேசையில் இருந்த அம்மாள் சொன்னதுமே திருமூர்த்தி மாட்டிக்கொண்டான். அச்சடித்த படிவமாக இருந்தால் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்திருப்பான். கையெழுத்துப் போடுவதில் அவன் கெட்டிக்காரன், பம்பு கம்பெனியில் ஒரு நாளைக்கு நாற்பது வரைபடத்தில் போடுகிறவன். இங்கே கொடுத்ததோ வெறும் வெள்ளைத்தாள், ஒரு கோடுகூட இல்லாதது. "உங்க பொண்ணு ஐந்நூத்தி எழுபத்தேழு மார்க்குங்க சார், அதுவும் கணக்கு குரூப்பு. பி.ஏ. வரலாறு கேட்டிருக்குது. போன வருசம் இப்படி நல்ல மார்க்குல சேர்ந்த பதினோரு புள்ளைக, இன்ஜினியரிங் கிடைச்சிருச்சுன்னு ஒரே மாசத்துல டிசி வாங்கிட்டுப் போயிருச்சுங்க. சீட்டெல்லாம் காலியாவே கிடந்துச்சு. அதனால பெத்தவங்க கைப்பட லெட்டர் குடுக்கோணும்னு பிரின்ஸிபல் சொல்லிட்டாங்க. சம்மதம்னு மட்டும் எழுதினாப் பத்தாதுங்க, ஏன் சம்மதம்னு நாலு வரி காரணம் எழுதோணும். ஒரு மணிக்குள்ள குடுத்துருங்க. இல்லீன்னா லிஸ்ட்ல அடுத்த புள்ளைக்குப் போயிரும்." மேசைமேல் இருந்த பெயர்ப் பலகையில் ஞானசௌந்தரி என்று போட்டிருந்தது. ஞானசௌந்தரி அம்மாள் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். அவன் தாளைப் பிடித்துக்கொண்டு நாலாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் மகள் எழினி, மடியில் சான்றிதழ் ஃபைல். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து. ஐம்பது நிமிஷம் இருக்கிறது, நாலு வரிக்கு ஐம்பது நிமிஷம் தாராளம் என்று யாரும் சொல்வார்கள். பேனா மூடியைக் கழற்றினான், திரும்ப மூடினான். அனுப்புநர் என்று எழுதலாம். அது வரைக்கும் தெரியும். அனுப்புநர், பெறுநர், அப்புறம் ஐயா. இல்லை, பெண்கள் கல்லூரி, பிரின்ஸிபலும் பெண், அம்மையீர் என்று போட வேண்டுமோ, அம்மா என்றால் போதுமோ. இதை வீட்டில் யாரைக் கேட்பது என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. அதை நினைத்ததும் பேனா மூடி இன்னொரு தரம் டக்கென்று மூடிக்கொண்டது.

எழுதாமல் இருந்துவிட்டால் என்ன? சம்மதம் தராமல் நழுவுகிற யோசனை இப்போது வந்ததில்லை, காலையில் பைக்கை உதைக்கும்போதே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு வந்திருந்தது. மறுக்க வேண்டாம், சண்டை போட வேண்டாம், முடியாது என்ற ஒரு சொல்கூட வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், கடிகாரம் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கும் பதிவு செய்து வைத்திருக்கிறது, அவன்தான் செய்தான், அவளுடைய மார்க்குக்கு நல்ல காலேஜிலேயே மெக்கானிக்கல் கிடைக்கும். அவன் படித்தது. அவன் பேசும் பாஷை. கொஞ்ச நாளில் அவள் சாப்பிடும்போது தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, இந்த பேரிங் ஏன் சூடாகுது?" என்று கேட்பாள், அவன் சொல்வான், மனைவி அம்சவேணி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ரசத்தை ஊற்றிக்கொண்டிருப்பாள். அந்தக் காட்சி அவனுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. மனைவி ஒரு நாளாவது ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அதைத் தான் பார்க்க வேண்டும். இது என்ன புத்தி? பொறாமைப் புத்தி. அதற்கு நாகரிகமான வேறு பெயர் ஒன்றும் கிடையாது. மகளை ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் ஃபைலின் எலாஸ்டிக் வாரைச் சுண்டிக்கொண்டிருந்தாள். பைக்கை நிறுத்தும்போதே சொல்லியிருந்தாள், "நீங்க சம்மதம் குடுக்கலைன்னாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்ப்பா. மெக்கானிக்கலே போறேன். எனக்கு அதுவும் வரும்." முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சொல்லியிருந்தால் ஒரு அதட்டல் போட்டு முடித்திருக்கலாம். மெதுவாக, கண்ணைப் பார்த்துச் சொன்னாள். அந்த நிதானமும் அம்மாவுடையது. மூக்கு மட்டும்தான் இவனுடையது, அதுவும் கண்ணாடி போட்டதற்கு அப்புறம் அவ்வளவாகத் தெரிவதில்லை.

மகளின் பெயர்கூட மனைவி வைத்ததுதான். அவன் ஹர்ஷினி என்று வைக்கலாம் என்றான், மூன்று பேருக்கு போன் போட்டுச் சொல்லியும் விட்டான். அம்சவேணி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே எழினி என்றாள், அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னாள், அந்தப் பெயர் எந்தக் காலத்தில் யாருக்கு இருந்தது என்று சொன்னாள், கேட்டுக்கொண்டிருந்த நர்ஸ் நல்லா இருக்கே என்றாள். நர்ஸே சொன்னதற்கு அப்புறம் அவன் என்ன செய்ய. பெண் பார்க்கப் போனபோது அவன் வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றே ஒன்றுதான், "பி.ஏ. வரலாறுதானுங்களே, அது போதும், வீட்டைப் பார்த்துக்கும்." அவனும் அப்படித்தான் நினைத்தான். கல்யாணமான புதிதில் ராஜா ராணிக் கதை படித்தவள் என்று அவளைக் கேலி செய்வான், அவளும் சிரிப்பாள், பாபருக்கு மாமனார் பேர் என்ன சொல்லு பார்க்கலாம் என்பான், தெரியலீங்க என்பாள், அப்படின்னா என்னதான் படிச்சே என்பான். நல்ல காலம் அது. எழினிக்கு மூன்று வயதானதும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் விசாரணை மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனாள். பொழுது போகும், போகட்டும் என்று விட்டான். இரண்டு வருஷத்தில் அவளைப் புகார்ப் பிரிவில் போட்டார்கள். யாருக்கும் பிடிக்காத பிரிவு அது, திட்டு வாங்குகிற இடம். ஒரு ஆள் மூன்று பக்கத்துக்கு, சாப்பாடு சரியில்லை, இட்லி கல்லு மாதிரி இருக்கிறது, சாம்பாரில் உப்பில்லை என்று எழுதியிருந்தானாம். கேன்டீனைத் திட்டி ஒரு மெமோ அனுப்பி முடித்திருப்பார்கள். இவள் அந்தக் கடிதத்தின் தேதியைப் பார்த்தாள். அன்றைக்கு அவன் அப்பாவை ஐ.சி.யு.வுக்கு மாற்றியிருக்கிறார்கள், அவனிடம் ஒருத்தரும் சொல்லவில்லை, அவன் டிபன் வாங்கிக்கொண்டு வந்து காலிக் கட்டிலைப் பார்த்தபடி நின்றிருக்கிறான். இவள் போய் அதற்கு மன்னிப்புக் கேட்டாள். இட்லியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆள் குலுங்கி அழுதுவிட்டானாம். "காலேஜுல சொல்லிக் குடுத்ததுதானுங்க. ஒரு பழைய தாளைக் கையில எடுத்தா, இதை யார் எழுதினது, எப்போ, யாருக்கு, எதுக்குன்னு கேக்கோணும். செப்பேடா இருந்தா என்ன, இட்லிப் புகாரா இருந்தா என்ன" என்று வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். இப்போது அந்தப் பிரிவுக்கே அவள்தான் தலைவி. இன்றைக்குக் கொச்சிக்குப் போயிருக்கிறாள், அங்கே இருக்கிற நர்சுகளுக்கு வகுப்பெடுக்க. விமானத்தில். திருமூர்த்தி இதுவரை விமானத்தில் போனதில்லை, கம்பெனியிலிருந்து ராஜ்கோட் அனுப்பியபோதுகூட ரயிலில்தான் போனான்.

இவள் ஒருத்தி என்றால் பரவாயில்லை, அதிர்ஷ்டம் என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அவளுடன் படித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வாட்ஸப் குரூப் வைத்திருக்கிறார்கள், அதுதான் அவனை வதைக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அம்சவேணி அதைப் படித்துக் காட்டுவாள், எழினி கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். கோமளா என்று ஒருத்தி, எபிகிராஃபி என்கிற கல்வெட்டுப் பாடத்தில் இரண்டு தரம் அரியர் வைத்தவள், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைக் கண்டுபிடிக்கிற வேலையில் இருக்கிறாள், டாக்டர் சீட்டைப் பார்த்தே இது ஒரே நாளில் உட்கார்ந்து எழுதின ஆறு மாசத்துச் சீட்டு என்று சொல்லிவிடுவாளாம். ஒருத்தி சினிமாவில், எந்த வருஷத்துக் கதைக்கு என்ன செருப்பு, என்ன லாந்தர் என்று சொல்கிறவள். ஒருத்தி வக்கீலுக்குப் படித்து நிலத் தகராறு பார்க்கிறாள், பழைய பத்திரம் என்றால் மற்ற வக்கீல்களே அவளிடம்தான் வருகிறார்களாம். ஒருத்தி வெள்ளைக்காரர்களைத் தாராசுரத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டுகிறாள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே நோட்ஸ், ஆளுக்கு ஒரு திசை. அவனுடைய வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர். பம்பு, பம்பு, வால்வு, பம்பு, வால்வு, மோட்டார், பம்பு. ஒருவன் மட்டும் மனை விற்கிறான், அவனை எல்லோரும் வழி தவறியவனைப் போலப் பேசுகிறார்கள். அவன் வகுப்பு குரூப்பில் காலை வணக்கம் வரும், பூப்படம் வரும், யாருக்காவது புரொமோஷன் வந்தால் மாலைப்படம் வரும். அவனும் ஒரு நாள் அம்சவேணியைப் போலப் படித்துக் காட்டலாம் என்று போனைத் திறந்தான், மூடிவிட்டான். அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால்கூடத் தேவலை. அவனுக்கு விளக்குவார்கள். இரண்டு பேரும் முறை வைத்துக்கொண்டு, பொறுமையாக, முதலிலிருந்து. அந்தப் பொறுமைதான் சோற்றில் கல்லாகப் பல்லில் படுகிறது. இனி மூன்று வருஷம், மூன்றுக்கு அப்புறம் எம்.ஏ. இரண்டு வருஷம், அம்மாவும் மகளும் ஒரே கட்சியாகிவிடுவார்கள், அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு டி.வி. பார்க்கப் போக வேண்டியதுதான். தாள் வெறுமையாக இருந்தது. பன்னிரண்டு இருபத்தைந்து.

காரணம் எழுத வேண்டுமாம். தாளில் அனுப்புநர் என்று எழுதினான், கீழே பெயர், விலாசம். கோடில்லாத தாளில் வரி சாய்ந்துகொண்டு போனது, வரைபடத்தில் மில்லிமீட்டர் தப்பாத கை. கடைசியாக அவன் கைப்பட எழுதியது எப்போது? யோசித்தான். பிள்ளைக்கு லீவு லெட்டர் என்றால் அம்சவேணி. கரண்ட் ஆபீசுக்குப் புகார் என்றால் அம்சவேணி. அவன் தங்கைக்குச் சமாதானம் சொல்லி எழுத வேண்டியிருந்தபோது, அவன் தங்கைக்கே, அம்சவேணி. அப்புறம் அந்த மெமோ. அதை நினைக்கக் கூடாது என்றுதான் இத்தனை நேரம் பாபர், கோமளா என்று சுற்றிக்கொண்டிருந்தான், சுற்றினாலும் கால் அங்கேதான் வந்து நிற்கிறது. ஏழு வருஷம் ஆகிறது. இருநூற்று இருபது இம்பெல்லர், பம்புக்குள் சுழலும் சக்கரம், எல்லாவற்றிலும் துளை அரை மில்லிமீட்டர் பெரிது. எல்லாம் குப்பை. பழைய வரைபடத்தை வைத்து வேலை செய்திருக்கிறான், வாடிக்கையாளர் அளவை மாற்றிப் புது வரைபடம் அனுப்பியிருந்தார், அது அவன் ஃபைலிலேயே இருந்தது. ஏன் உங்களை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று மெமோ. மூன்று நாளில் விளக்கம். அவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. எழுத உட்கார்ந்தால், தவறு நடந்துவிட்டது, மன்னிக்கவும் என்பதற்கு மேல் ஒரு எழுத்து வரவில்லை. அம்சவேணிதான், "ரெண்டு வரைபடத்தையும் கொண்டாங்க" என்றாள். கொண்டுவந்தான். அளவுகளை அவள் பார்க்கவேயில்லை, பார்த்தாலும் அவளுக்குப் புரியாது. புது வரைபடத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள். அவ்வளவுதான். இருபது வருஷமாக வரைபடத்தோடு வாழ்கிறவன், அவனும் சரி, அவன் மேலதிகாரியும் சரி, ஒருத்தரும் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை, பின்பக்கத்தில் என்ன இருக்கப் போகிறது, அது வெறும் தாள். அங்கே தபால் பிரிவின் முத்திரை இருந்தது. பதினான்காம் தேதி வந்து சேர்ந்ததாக. வேலை தொடங்கியது பதினொன்றாம் தேதி, முடிந்தது பதின்மூன்றாம் தேதி. "இது உங்க கைக்கு வந்தப்போ சக்கரமெல்லாம் அறுத்து முடிஞ்சிருச்சுங்களே" என்றாள். ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். யார்மேலும் பழி போடாமல், எது எந்தத் தேதியில் யார் கையில் இருந்தது என்று மட்டும். அவன் அதை அச்சடித்துக் கொடுத்தான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஜெனரல் மேனேஜர் கூப்பிட்டார், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார், "திருமூர்த்தி, இது யார் எழுதினது? வக்கீல் வச்சீங்களா?" நான்தான் சார் என்றான். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. நான்தான் சார். அவர் எழுந்து வந்து கைகொடுத்தார். மெமோ ரத்தானது மட்டுமில்லை, அடுத்த கூட்டத்தில் அந்த ஒன்றரைப் பக்கத்தைப் படித்துக் காட்டி, விளக்கம்னா இப்படி இருக்கணும் என்றார், நாற்பது பேர் கைதட்டினார்கள். அவன் எழுந்து நின்று தலையாட்டினான். அந்த வருஷமே புரொமோஷன். வீட்டுக்கு வந்து, சரியாப் போச்சு என்று மட்டும் சொன்னான். "யாராவது ஏதாவது கேட்டாங்களா?" என்றாள், இல்லை என்றான். ஏழு வருஷமாகப் புதிதாக யாருக்காவது மெமோ வந்தால் அவனிடம்தான் வருகிறார்கள், சார் நீங்க எழுதிக் குடுங்க சார் என்று, அவன் நேரமில்லை என்று விரட்டுகிறான். அவள்மேல் அவனுக்கு எரிச்சல் தொடங்கியதே அந்தக் கைதட்டலிலிருந்துதான். எடுத்துக்கொண்டவன் அவன், எரிச்சலும் அவனுக்கே. திருடினவன் வீட்டுக்காரனைப் பார்த்துப் பொருமுகிற நியாயம். அதற்கு அப்புறம் அவள் எதைச் செய்தாலும், அவளுக்கு ஆஸ்பத்திரியில் விருது கொடுத்தபோதும், விமான டிக்கெட் வந்தபோதும், மகள் அவள் தோளில் சாய்ந்துகொண்டு எதையோ வாசித்தபோதும், வயிற்றில் அதே இடத்தில் எரியும். அல்சர் என்று மாத்திரைகூட வாங்கித் தின்றான். பன்னிரண்டு முப்பத்தெட்டு. முன்வரிசையில் ஒரு அப்பா எழுதி முடித்து எழுந்து போனார், வேஷ்டி கட்டிய விவசாயி, முழுப்பக்கம் எழுதியிருந்தார்.

எழினி சின்னவளாக இருக்கும்போது அவனோடுதான் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்குக் கூட்டிப் போவான், லேத்திலிருந்து விழுகிற இரும்புச் சுருளை எடுத்து வளையல் என்பாள், கை கிழியும் என்று பிடுங்குவான். கேள்வி கேட்டபடி இருப்பாள். அப்பா, இது ஏன் சுத்துது. அதற்கெல்லாம் பதில் இருந்தது. ஒரு நாள், நாலாவது படிக்கிறபோது, கம்பெனி ஷோகேஸில் இருந்த ஒரு பழைய கை பம்பைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதை மொதல்ல யாருக்காகப் பண்ணுனாங்க? அதுக்கு முன்னாடி அவங்க தண்ணிக்கு என்ன பண்ணுனாங்க?" என்று கேட்டாள். அவன் வேலையாக இருந்தான். அம்மாகிட்டக் கேளு அம்மிணி என்றான். அப்படித்தான். அடுத்த கேள்விக்கும் அம்மாகிட்டக் கேளு. ஸ்கூல் பிராஜெக்டா, அம்மாகிட்டக் கேளு. சாமி ஏன் கறுப்பு, அந்த ஊருக்கு ஏன் அந்தப் பேரு, அந்தத் தாத்தா ஏன் நம்ம வீட்டுக்குள்ள வர மாட்டேங்கறாரு, எல்லாம் அம்மாகிட்ட. அவள் போய்க் கேட்டாள். நன்றாகத்தான் போய்க் கேட்டாள். இரண்டு மூன்று வருஷத்தில் அவனிடம் வருவதே நின்றுபோனது, நேரே அங்கேயே போய்விடுவாள். இப்போது யார் யாரை இழுத்துக்கொண்டார்கள் என்று இவன் கணக்குக் கேட்கிறான். கையைப் பிடித்து வழிகாட்டி விட்டவனே இவன்தானே. இதை அவன் நினைக்க விரும்பவில்லை. விரும்பாமலே நினைத்தான்.

"அப்பா, அம்மா லைன்ல இருக்காங்க, லெட்டர் விஷயத்தைச் சொல்லிட்டேன்" என்று எழினி போனை நீட்டினாள். அவன் வாங்கினான். அந்தப் பக்கம் பெண்கள் பேச்சுச் சத்தம், டீ கப் சத்தம், இடைவேளை போலிருக்கிறது. அவள் சொல்லச் சொல்ல எழுதிவிடலாம், மூன்று நிமிஷ வேலை. சொல்ல மாட்டாளா என்று ஏங்கினான், சொல்லிவிடுவாளோ என்றும் பயந்தான். "என்னங்க, எழுதிட்டீங்களா?" என்றாள். இன்னும் இல்லை என்றான். அவள் உடனே பேசாவிட்டால் அவனைப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். "நான் சொல்ல மாட்டேனுங்க. நீங்க எழுதினாலும் சரி, எழுதாம வந்தாலும் சரி, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு. வேண்டாம்னு முடிவு பண்ணுனா, அந்தப் படிப்பு புடிக்கலீன்னு அவகிட்டச் சொல்லுங்க. என்னைப் புடிக்காததுக்கு அவளை மெக்கானிக்கலுக்கு அனுப்பிராதீங்க." குரல் கடைசியில் லேசாகப் பிசிறியது. அவள் பயந்திருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறாள். அந்த இட்லிப் புகாரைப் படித்த மாதிரியே இவனையும் படித்துவிட்டு, தேதியையும் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். "உன்னை யார் புடிக்கலைன்னாங்க" என்று முனகினான். அதற்குள் யாரோ அவளை மேடம் என்று கூப்பிட்டார்கள். போனை மகளிடம் கொடுத்தான். மணி ஒன்றாகப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. எழினி அவனைப் பார்க்காமல் கடிகாரத்தையும் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயதுப் பிள்ளை, எனக்கு அதுவும் வரும் என்று சொல்லிவிட்டு, கேட்கவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது. அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. மகளிடமிருந்து ஃபைலை வாங்கித் தொடைமேல் வைத்து, அதன்மேல் தாளை வைத்தான். நல்ல வார்த்தை தேடினால் நாளைக்கும் வராது. தெரிந்ததை எழுதினான், பம்பு சோதனை அறிக்கை எழுதுகிற மாதிரி, ஒரு வரிக்கு ஒரு விஷயம்.

"அம்மா, என் மகள் தி. எழினி பி.ஏ. வரலாறு சேர எனக்குச் சம்மதம். காரணம் பின்வருமாறு. ஏழு வருடம் முன்பு எனக்கு வேலை நீக்க மெமோ வந்தது. அதற்குப் பதில் எழுதி என் வேலையைக் காப்பாற்றியது பி.ஏ. வரலாறு படித்த என் மனைவி. ஒரு வரைபடத்தில், பொறியியல் படித்த எங்கள் யாருக்கும் தெரியாத ஒன்றை அவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். அதை நானே எழுதியதாக அலுவலகத்தில் சொன்னேன். பாராட்டும் பதவி உயர்வும் பெற்றேன். இது என் மனைவிக்குத் தெரியாது. அன்று முதல் எனக்கு அவர்மேல் பொறாமை. மகளும் இதையே படித்தால் வீட்டில் என்னோடு பேச ஆள் இருக்காது என்று பயம். பயமும் பொறாமையும் மறுப்பதற்குக் காரணம் ஆகா. அந்தப் படிப்பு எதற்கு உதவும் என்று இனி யாரிடமும் கேட்க மாட்டேன். மகளை இடையில் நிறுத்த மாட்டேன். இப்படிக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. படித்தால் கிழித்துவிடுவான். ஒரு மணிக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது ஞானசௌந்தரி அம்மாளின் மேசையில் கொண்டுபோய் வைத்தான். இந்த அம்மாள் ஒரு நாளைக்கு நூறு பார்க்கிறவள், முதல் வரியைப் பார்த்துவிட்டு ஃபைலில் போட்டுவிடுவாள், அதற்கு அப்புறம் இதை யாரும் படிக்கப் போவதில்லை என்ற தைரியம்தான்.

அவள் முதல் வரியோடு நிற்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரை படித்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள், என்ன சார் இது என்று கேட்கப்போகிறாள் என்று நின்றான். கேட்கவில்லை. தாளைத் திருப்பி, அவன் பின்னாலேயே வந்து நின்ற எழினியின் பக்கம் தள்ளினாள். "புள்ளை படிச்சுப் பார்த்துட்டுக் கீழ ஒரு கையெழுத்துப் போடோணும். ரூல்ஸுங்க." யாரும் அதைச் சொல்லவில்லையே. கையை நீட்டித் தாளைப் பிடித்தான், எழினியும் பிடித்தாள், அவன்தான் விட்டான். அவள் படித்தாள். அவசரமில்லாமல், ஒவ்வொரு வரியாக, ஒரு இடத்தில் மேலே போய்த் திரும்பவும் படித்தாள். அவன் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான், எந்த வரியில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளப் பார்த்தான், தெரியவில்லை. பேனா வேணும்ப்பா என்றாள். கொடுத்தான். தி. எழினி என்று போட்டாள். ஞானசௌந்தரி அம்மாள் முத்திரை குத்தி, "திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு வந்துரு கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

வெளியே வராண்டாவில் வெயிலுக்குக் கண் கூசியது. பைக் நிறுத்தத்துக்கு வந்தார்கள். அவன் சாவியைத் தேடுகிற மாதிரி எல்லாப் பையிலும் கையை விட்டுக்கொண்டிருந்தான், சாவி வண்டியிலேயே இருந்தது. "அப்பா" என்றாள். "இது நெசமாலுமே அம்மாவுக்குத் தெரியாதா?" தெரியாது என்று தலையாட்டினான். "ஆபீஸுல?" "யாருக்கும் தெரியாது." "அப்போ எனக்கு மட்டும்தான் தெரியுமா?" ஆமாம் என்றான். சொன்ன மாத்திரத்தில் உள்ளே ஒரு குளிர்ச்சி ஓடியது. மகளுக்கும் அவனுக்கும் நடுவில் அம்சவேணிக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஏழு வருஷ எரிச்சலுக்கு ஒரு வாய் மோர் கிடைத்த மாதிரி இருந்தது. அது நல்ல சந்தோஷம் இல்லை, சின்னப் புத்தியின் சந்தோஷம், அவனுக்கும் தெரிந்தது, இருந்தாலும் அதைத் துப்ப மனசு வரவில்லை. சாயங்காலம் கொச்சியிலிருந்து வந்ததும் அவளிடம் சொல்லத்தான் வேண்டும், சொல்லிவிடுவான். சாயங்காலத்துக்கு இன்னும் நேரமிருக்கிறது. எழினி பின் சீட்டில் ஏறாமல் ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் ஈரமாக இருந்தது, ஆனாலும் கேட்காமல் விடப்போகிறவள் முகம் அது இல்லை. "மொதல்ல இருந்து சொல்லுங்கப்பா. அந்த வரைபடம் எந்தத் தேதியில வந்துச்சு? யாரு வாங்கி வச்சாங்க?" அவன் வண்டியின் ஸ்டாண்டைத் திரும்பவும் போட்டான். மரநிழல் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான். "நீ அப்போ அஞ்சாவது படிச்சிட்டு இருந்தே அம்மிணி" என்று தொடங்கினான்.